பிளேடு மாற்றுவதும் டென்ஷன் வைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பிளேடு ஓடாத ஊர் இல்லை. ஓசூரில் இரும்பு அறுக்கும் பேண்ட்சா (இரண்டு சக்கரத்தில் வளையமாக ஓடும் பட்டைப் பிளேடு மெஷின்), ஊருக்கு ஊர் மரமில், கிருஷ்ணகிரியைச் சுற்றி கிரானைட் பட்டறைகள், மாடு வைத்திருக்கும் வீடுகளில் தீவனம் நறுக்கும் மெஷின். சாணை பிடிக்கவும் பேண்ட்சா பிளேடு வெல்டிங் வைக்கவும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதை இங்கே எழுதியிருக்கிறேன். எங்களிடம் வரும் பிளேடுகளில் தேய்ந்து ஓய்ந்தவை குறைவு. தப்பாக மாட்டியும், தப்பாக இறுக்கியும் பாதி ஆயுளில் போனவைதான் அதிகம். காசு கொடுத்து வாங்கும் பொருள் இப்படி வீணாவது எனக்கு ஒப்பவே இல்லை.

பிளேடில் கை வைப்பதற்கு முன்னால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கரண்ட்டைப் பிரிக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது.

எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் நம் தோட்டங்களில் நடப்பதைச் சொல்கிறேன். கரண்ட் போன நேரத்தில், 'சும்மாதானே நிற்கிறது' என்று தீவன மெஷினில் பிளேடு கழற்ற உட்காருகிறார்கள். மும்முனை கரண்ட் எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. சாதாரண ஸ்டார்ட்டர் என்றால் கரண்ட் போனதும் உள்ளே காயில் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் பட்டனை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. ஆனால் போர்வெல் மோட்டாருக்காக ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள், அதே பெட்டியிலிருந்து தீவன மெஷினுக்கும் ஒயர் இழுத்திருந்தால், கரண்ட் வந்த சில நொடியில் மெஷின் தானாகச் சுற்றும். சிங்கிள் பேஸ் மெஷினில் சாதாரண சுவிட்ச் 'ஆன்'இல் இருந்தாலும் இதே கதிதான்.

அதனால் பிளக் உள்ள மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். மும்முனை என்றால் பியூஸ் கட்டை மூன்றையும் உருவி உங்கள் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். இன்னொருவர் தெரியாமல் வந்து சுவிட்ச் போட்டாலும் மெஷின் ஓடக் கூடாது. பெட்ரோல் மெஷின் என்றால் ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றி விடுங்கள். பேட்டரி கிரைண்டர் என்றால் பேட்டரியை எடுத்து விடுங்கள்.

பிளேடை எவ்வளவு இறுக்கமாக வைக்கிறோமோ அவ்வளவு நேராக அறுக்கும் என்கிறார்களே, சரியா?

ஓர் அளவு வரை சரி. அதற்கு மேல் இறுக்கினால் அறுப்பு நேராவதில்லை, பிளேடுதான் சாகிறது.

பேண்ட்சா பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரத்திலும் வளைந்து நிமிர்கிறது. வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும். அதன் மேல் நாம் வைக்கும் டென்ஷனும், அதாவது பிளேடை இழுத்து நிறுத்தும் விறைப்பும், சேர்கிறது. இரண்டும் சேர்ந்து அளவு தாண்டினால், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் குழியில் மயிரிழைபோல ஒரு விரிசல் தொடங்கும். அது நாளுக்கு நாள் நீண்டு ஒருநாள் பட்டென்று அறும். கூடவே மேல் சக்கரத்தின் பேரிங்கும் சக்கரத்து ரப்பரும் சேதமாகும்.

குறைவாக வைத்தால் வேறு தொல்லை. பிளேடு வில்லாக வளைந்து, மேலே கோட்டிலும் கீழே கோட்டை விட்டும் அறுக்கும். பலகையின் நடுவில் வயிறு விழும். சக்கரத்தில் வழுக்கிச் சூடாகும்.

எது சரி என்பதை பிளேடின் அகலம், கனம், உலோகம் மூன்றும் சேர்ந்து முடிவு செய்யும். மரம் அறுக்கும் சாதாரண கார்பன் ஸ்டீல் பிளேடுக்கு, குறுக்குவெட்டின் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 100 முதல் 140 நியூட்டன் (இழுவிசையின் அளவு). இரும்பு அறுக்கும் பைமெட்டல் பிளேடுக்கு (முதுகு ஒரு உலோகம், பல் நுனி வேறு உலோகம்) 200 முதல் 300 நியூட்டன். அதாவது பைமெட்டல் இழுப்பை கார்பன் பிளேடுக்கு வைக்கவே கூடாது. 'போன பிளேடுக்கு இந்தக் கோடு வரை திருகினேன், இதற்கும் அதே கோடு' என்று வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டென்ஷன் மீட்டர் விலை அதிகம். அது இல்லாமல் எப்படி அளப்பது?

வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதும். எஃகு இழுத்தால் எவ்வளவு நீளும் என்பது தெரிந்த கணக்கு: சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் இழுப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும். 250 மி.மீ. நீளம் இருந்தால் 0.25 மி.மீ. நீளும்.

செய்முறை இதுதான். பிளேடை மாட்டி, தொய்வு போகும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். நேராக ஓடும் பகுதியில் 300 மி.மீ. காலிப்பரை 250 மி.மீ. அளவுக்குத் திறந்து வைத்து, அதன் இரண்டு தாடைகளையும் சின்ன கிளாம்ப் போட்டு பிளேடோடு பிடியுங்கள். காலிப்பரின் பூட்டுத் திருகு தளர்ந்திருக்க வேண்டும். டிஜிட்டல் என்றால் அங்கே பூஜ்யம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது டென்ஷன் ஏற்றுங்கள். 0.25 வந்தால் 200 நியூட்டன். கார்பன் பிளேடு என்றால் 0.13 முதல் 0.17க்குள் நிறுத்துங்கள். முடிந்ததும் காலிப்பரையும் கிளாம்ப்பையும் கழற்றி மேஜையில் வைத்த பிறகுதான் மூடியை மூட வேண்டும்.

மெஷினிலேயே இருக்கும் டென்ஷன் கோடுகளை முழுசாக நம்ப வேண்டாம். அவை ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைத்தான் காட்டும். பழைய ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். ஒருமுறை காலிப்பரால் அளந்து, சரியான இடத்தில் பெயிண்டால் உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டால் பிறகு தினமும் அளக்க வேண்டியதில்லை.

விரலால் தட்டிப் பார்க்கும் பழக்கம், பல வருடம் ஒரே மெஷினில் நின்ற கைக்குத்தான் சரிப்படும்.

பேண்ட்சா பிளேடை எந்த வரிசையில் மாட்டுவது?

முதலில் டென்ஷனை முழுசாகத் தளர்த்தி, பிளேடு விலகாமல் தாங்க மேலும் கீழும் உள்ள கைடுகளைப் பிளேடிலிருந்து பின்னுக்கு நகர்த்துங்கள். பலர் இந்த இரண்டாவது வேலையைச் செய்வதில்லை. பழைய பிளேடுக்கு வைத்த கைடு புது பிளேடை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் சக்கரத்தைத் திருகித் திருகிப் பார்த்தாலும் பிளேடு நடுவில் நிற்காது.

பழைய பிளேடை எடுத்ததும் சக்கரத்து ரப்பரைப் பாருங்கள். வேம்பு, மா, புளி அறுத்தால் பிசினும் தூளும் சேர்ந்து கட்டியாக ஒட்டியிருக்கும். மரச் செதிலால் சுரண்டி எடுங்கள்; உளி வேண்டாம். ரப்பரில் வெடிப்போ, எழும்பலோ இருந்தால் அதை மாற்றாமல் புது பிளேடு போடுவது வீண்.

மூன்று சுற்றாகச் சுருட்டிக் கட்டியிருக்கும் பிளேடை அவிழ்க்கும்போது ஜாக்கிரதை. கட்டியிருப்பதை வெட்டியதும் விரிந்து அடிக்கும். தோல் கையுறையும் கண்ணாடியும் போட்டு, கை நீட்டிய தூரத்தில் பிடித்து, ஆள் இல்லாத பக்கம் பார்த்து அவிழுங்கள். குழந்தைகள் கிட்டே நிற்கக் கூடாது.

மரம் அறுக்கும் நிமிர்ந்த மெஷினில், வேலை செய்கிறவரைப் பார்த்து நிற்கும் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் பிளேடு தப்பு என்று திருப்பிக் கொண்டுவர வேண்டாம். பிளேடை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினால் சரியாகிவிடும். அடிக்கடி இப்படித் திரும்பி வரும் பிளேடுகளைப் பார்க்கிறோம்.

மேல் சக்கரத்தில் முதலில் போட்டு, பிறகு கீழே. கொஞ்சம் டென்ஷன் வைத்து மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே டிராக்கிங் திருகை (பிளேடு சக்கரத்தில் ஓடும் இடத்தை மாற்றும் திருகு) சரிசெய்யுங்கள். பிளேடு ஒரே இடத்தில் ஓட ஆரம்பித்ததும் முழு டென்ஷன் ஏற்றி, மறுபடி சுற்றிப் பாருங்கள். டென்ஷன் ஏறினால் டிராக்கிங் சற்று மாறும். அதற்குப் பிறகுதான் கைடு. பக்கத்துக் கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு காகிதம் போகும் இடம், அதாவது 0.1 மி.மீ. போதும். கைடு பல்லின் குழியைத் தாண்டி முன்னால் வரக் கூடாது. வந்தால் பல்லின் சாய்வை நசுக்கிவிடும். பின்னால் இருக்கும் பேரிங், மெஷின் சும்மா ஓடும்போது தொடாமலும், மரத்தைத் தள்ளும்போது மட்டும் தொடும்படியும் இருக்க வேண்டும். சும்மா ஓடும்போதே அது சுற்றுகிறது என்றால் பிளேடின் முதுகு தேய்ந்துகொண்டிருக்கிறது.

இரவில் டென்ஷனைத் தளர்த்தி வைக்க வேண்டுமா?

வேண்டும். முழுசாக அவிழ்க்க வேண்டியதில்லை, பிளேடு சக்கரத்திலிருந்து விழாத அளவுக்கு இறக்கினால் போதும். நாள் முழுக்க ஓடிச் சூடான பிளேடு ஆறும்போது சுருங்கி டென்ஷன் தானாக ஏறும். தளர்த்தி வைத்தால் ரப்பரில் தழும்பு விழாது, ஸ்பிரிங்கும் நாள்பட உழைக்கும். தளர்த்தியதும் சுவிட்ச் மேல் ஒரு அட்டை தொங்கவிடுங்கள். காலையில் வேறு ஆள் வந்து அப்படியே போட்டுவிடாமல் இருக்க.

பிளேடு அடிக்கடி அறுந்துபோகிறது. நீங்கள் வைத்த வெல்டிங் சரியில்லையா?

எங்கே அறுந்தது என்று பாருங்கள், பதில் அங்கேயே இருக்கும்.

வெல்டிங் வைத்த கோட்டிலேயே அறுந்திருந்தால் வெல்டிங் வைத்தவர்களின் பொறுப்பு. வெல்டிங் வைத்த இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதை மறுபடி சூடேற்றி மெல்ல ஆறவிட்டுப் பதப்படுத்த வேண்டும். அவசரத்தில் இதைச் சரியாகச் செய்யாவிட்டால் அங்கேதான் உடையும். தயங்காமல் திருப்பிக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

வெல்டிங்குக்கு வெளியே, பல்லின் குழியில் தொடங்கி அறுந்திருந்தால் டென்ஷன் அதிகம், அல்லது சக்கரத்துக்குப் பொருந்தாத கனம். மரம் அறுக்கும் மெஷினுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: பிளேடின் கனம் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 600 மி.மீ. சக்கரத்துக்கு 0.6 மி.மீ., 900 மி.மீ. சக்கரத்துக்கு 0.9 மி.மீ. சின்ன மெஷினில் 'கனமாக இருந்தால் உழைக்கும்' என்று கனமான பிளேடு கேட்டு வாங்கிப் போகிறவர்களுக்கு அது உழைப்பதே இல்லை, வளைந்து வளைந்து அறுகிறது.

முதுகுப் பக்கம் தொடங்கி அறுந்திருந்தால் பின் பேரிங் தேய்ந்து அதில் பள்ளம் விழுந்திருக்கிறது, அல்லது மரத்தை வேகத்துக்கு மேல் தள்ளுகிறீர்கள்.

பற்கள் வரிசையாகக் கொட்டியிருந்தால் ஆணியைத் தேடுங்கள். சாலையோரப் புளியமரத்தில் போர்டு அடித்த ஆணியும், வேலி ஓரத்து வேம்பில் கட்டிய கம்பியும் வருடக்கணக்கில் மரத்துக்குள் மூடிப்போயிருக்கும். வெட்டு முகத்தில் நீலம் பாய்ந்த கறுப்புக் கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது. அப்படிப்பட்ட மரத்தைச் சின்ன மெட்டல் டிடெக்டர் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு ஏற்றுவது மரமில்லுக்கு லாபம்.

புது பிளேடுதான், டென்ஷனும் சரி, ஆனால் ஒரே பக்கமாக இழுக்கிறதே?

ஒரு பக்கப் பற்கள் மட்டும் மழுங்கியிருக்கும், அல்லது செட்டிங், அதாவது பற்கள் இடமும் வலமும் சாய்ந்திருக்கும் அளவு, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. கூர்மையான பக்கம் நோக்கித்தான் பிளேடு போகும். கைடு கைகள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தாலும் கோணும். வேலைத் துண்டுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவாருங்கள். மரமில்லின் 100 மி.மீ. போன்ற அகலப் பட்டைக்கு இன்னொரு விஷயமும் உண்டு. அந்தப் பட்டையின் நடுப்பகுதியை ரோலர் ஓட்டி இம்மி அளவு நீட்டி வைத்திருப்பார்கள். அப்போதுதான் ஓரங்கள் இரண்டும் விறைப்பாக நிற்கும். நாள்பட்டால் அந்த நீட்டம் போய்விடும். பட்டையை வளைத்துப் பிடித்துக் குறுக்கே நேர்விளிம்பு வைத்தால் நடுவில் சீரான வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் எவ்வளவு இறுக்கினாலும் நேராக ஓடாது. ரோலர் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் பைமெட்டல் பிளேடு புதுசாகப் போட்டதும் பல் கொட்டுகிறது. தரம் குறைந்த பிளேடா?

பெரும்பாலும் பழக்காமல் ஓட்டியதுதான் காரணம். புதுப் பல்லின் நுனி அளவுக்கு மீறிய கூராக இருக்கும். முதல் அறுப்பிலேயே முழு அழுத்தம் கொடுத்தால் அந்த நுனி நொறுங்கும். பிளேடின் வேகத்தைக் குறைக்காமல், இறங்கும் அழுத்தத்தை மட்டும் பாதியாக்கிச் சில துண்டுகள் அறுங்கள். பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். சத்தமோ அதிர்வோ வந்தால் வேகத்தைச் சற்று மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று, பல் எண்ணிக்கை. எந்த நேரமும் குறைந்தது 3 பற்களாவது இரும்பின் மேல் இருக்க வேண்டும். கனத்த ராடு அறுக்கும் பெரிய பல் பிளேடில் மெல்லிய சதுரப் பைப்பை வைத்தால் பல் சிக்கித் தெறிக்கும். இரண்டு வேலையும் மாறி மாறி வருகிற பட்டறை இரண்டு பிளேடு வைத்துக்கொள்வதுதான் சிக்கனம்.

சரியாக ஓடுகிறதா என்று தூளே சொல்லும். தளர்வாகச் சுருண்ட சுருள் வந்தால் நல்லது. மாவு மாதிரி வந்தால் அழுத்தம் போதவில்லை, பல் தேய்ந்துகொண்டிருக்கிறது. நீலம் பாய்ந்த கட்டியான தூள் என்றால் அழுத்தமோ வேகமோ அதிகம். சில்லைத் துடைக்கும் கம்பி பிரஷ் தேய்ந்திருந்தால் அதை உடனே மாற்றுங்கள். பிளேடு விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கையால் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடுக்கு இதெல்லாம் உண்டா?

உண்டு, சுருக்கமாக. பல் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், தள்ளும்போதுதான் அறுக்கிறது. தொய்வு போனபின் சிறகு நட்டை இரண்டு மூன்று சுற்று இறுக்குங்கள். கனத்த இரும்புக்கு அங்குலத்துக்கு 14 அல்லது 18 பல், பைப்புக்கு 24, தகடுக்கு 32. பாதி அறுத்த நிலையில் பிளேடு ஒடிந்தால் புது பிளேடை அதே வெட்டில் விடாதீர்கள். பழைய பிளேடு தேய்ந்து வெட்டு குறுகலாகியிருக்கும்; புதுசு சிக்கி ஒடியும். துண்டைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

தீவனம் நறுக்கும் மெஷினில் பிளேடு மாற்றினோம். பிறகு மெஷின் குதிக்கிறது, புல்லும் நார் நாராக வருகிறது. ஏன்?

குதிப்பது எடை வித்தியாசத்தால். சக்கரத்தில் இரண்டு, மூன்று, சிலவற்றில் நான்கு பிளேடு இருக்கும். ஒன்றை மட்டும் புதுசாகப் போட்டு மற்றதை விட்டுவிட்டால் ஒரு பக்கம் கனத்துப்போகும். மாற்றினால் முழு செட்டையும் மாற்றுங்கள். சாணை பிடிக்கும்போதும் எல்லாவற்றையும் ஒரே அளவு தேயுங்கள். மளிகைத் தராசில் வைத்துப் பார்த்துச் சமம் செய்வது நல்ல பழக்கம்.

நாராக வருவது இடைவெளியால். சுற்றும் பிளேடும், வாயில் அசையாமல் இருக்கும் பிளேடும் கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி. இடையில் சந்து அதிகமானால் புல் நறுங்காமல் மடிந்து உள்ளே போகும். மெஷினோடு வந்த புத்தகத்தில் அளவு இருந்தால் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை இடையில் வைத்து, உரசியும் உரசாமலும் வெளியே வரும் அளவுக்குத் தள்ளும் போல்ட்டைத் திருகுங்கள். பிளேடின் இந்த முனை, நடு, அந்த முனை மூன்று இடத்திலும் அதே அட்டை அதே மாதிரி வர வேண்டும். ஒரு பிளேடு முடிந்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றி அடுத்ததற்குப் போங்கள். சக்கரம் தானாக உருண்டு விரலை நசுக்காமல் இருக்க ஒரு கட்டையை ஆரத்துக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் அதை எடுக்க மறக்கக் கூடாது.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தலையில் 8.8 என்று அச்சிட்ட போல்ட்டை மட்டும் போடுங்கள். சந்தையில் எடைக்கு விற்கும் சாதாரண போல்ட் இந்த வேலைக்கு ஆகாது. அறுந்தால் பிளேடு தெறித்துப் போகும் இடத்தில் நீங்கள்தான் நிற்கிறீர்கள். ஸ்பிரிங் வாஷர் ஒவ்வொரு முறையும் புதுசு. முதல் அரை மணி நேரம் ஓட்டியபின் நிறுத்தி, கரண்ட்டைப் பிரித்து, எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். மோட்டார் போடுவதற்கு முன்னால் கையால் முழுச் சுற்று சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாணை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது நீங்கள் போடும் தீவனத்தைப் பொறுத்தது. பச்சையான கோ-4, கோ-5 நேப்பியர் புல் பிளேடை அவ்வளவு தேய்க்காது. காய்ந்த ராகித் தாளும் வைக்கோலும்தான் தேய்க்கும். அவற்றில் மணல் தன்மையுள்ள சிலிக்கா இருக்கிறது, களத்து மண்ணும் ஒட்டியிருக்கும். உதறிவிட்டுப் போடுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, ஆனால் புல் போட்டதும் சக்கரம் நின்றுபோகிறது. பிளேடு மழுங்கிவிட்டதா?

முதலில் வி-பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டை விரலால் ஓரளவு அழுத்தினால், 100 மி.மீ. இடைவெளிக்குச் சுமார் 1.6 மி.மீ. என்ற கணக்கில் உள்வாங்க வேண்டும். இடைவெளி அரை மீட்டர் என்றால் 8 மி.மீ. அதற்கு மேல் இறங்கினால் தொய்வு. மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி இறுக்குங்கள், இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். பெல்ட் புல்லியின் அடியைத் தொட்டுப் பளபளவென்று ஓடினால் அது முடிந்துவிட்டது, இறுக்கிப் பயனில்லை.

மரம் அறுக்கும் செயின்சாவில் சங்கிலி அடிக்கடி கழன்று விழுகிறது.

தொய்வு. மாமரக் கவாத்து நேரத்தில் இந்தக் கேள்வி நிறைய வரும். சங்கிலி ஆறிய பிறகுதான் இறுக்க வேண்டும். பக்க மூடியின் நட்டுகளைத் தளர்த்தி, பாரின் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) மூக்கை மேலே தூக்கிப் பிடித்தபடியே டென்ஷன் திருகைத் திருப்புங்கள். பாரின் அடியில் சங்கிலி தொங்காமல் ஒட்டி நிற்க வேண்டும். பிரேக்கை விட்டு, கையுறை போட்ட கையால் இழுத்தால் சுலபமாக ஓட வேண்டும். மூக்கைத் தூக்கிய நிலையிலேயே நட்டை இறுக்குங்கள்.

புதுச் சங்கிலி முதல் நாளில் நன்றாக நீளும். பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறிச் சுருங்கினால் கிராங்க் பேரிங்கை இழுக்கும். வெட்டும் பற்கள் பாரின் மேல்பக்கத்தில் மூக்கை நோக்கிப் பார்க்க வேண்டும். வாங்கும்போது பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி), கேஜ் (பார் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் கனம்), உள்ளே ஓடும் கண்ணிகளின் எண்ணிக்கை மூன்றும் சொல்ல வேண்டும். 'பதினெட்டு அங்குலச் சங்கிலி கொடுங்கள்' என்றால் போதாது. ஒரே நீளப் பாருக்கு வெவ்வேறு சங்கிலி உண்டு.

நாலு அங்குல கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டிக் கொடுப்பீர்களா?

மாட்டோம். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு, ஆனாலும் மாட்டோம். பல் மரத்தில் சிக்கினால் மெஷின் கையை உதறி எகிறும். அதைத் தடுக்கும் எந்த அமைப்பும் கிரைண்டரில் இல்லை. எகிறும் திசையில் இருப்பது உங்கள் தொடையும் கழுத்தும்.

கவசத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய கட்டிங் வீல் போடுவதும் இதே ரகம். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கமாக ஓடுகிறது. அதற்கான 100 மி.மீ. வீல் 15,200 சுற்று வரை தாங்கும். ஆனால் 180 மி.மீ. வீல் தாங்குவது சுமார் 8,500 சுற்றுதான். சின்ன மெஷினில் அதைப் போட்டால் வெடிக்கலாம்.

கட்டிங் வீலுக்கு எக்ஸ்பயரி உண்டா?

உண்டு. நடுவில் இருக்கும் உலோக வளையத்தைப் பாருங்கள், மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். பசை வைத்துச் செய்த வீல் ஈரத்திலும் வெயிலிலும் பலம் இழக்கும். தேதி தாண்டியதையும், கீழே விழுந்ததையும் போடாதீர்கள். புது வீல் மாட்டியதும் உங்கள் முகத்துக்கு நேராக இல்லாமல் பிடித்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

கிரானைட்டுக்கு டைமண்ட் பிளேடு போட்டால் சீக்கிரம் அறுப்பதை நிறுத்திவிடுகிறது. பல் தேயவே இல்லையே?

தேயாததுதான் பிரச்சினை. வைரத் துகள்களைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்தால்தான் அடுத்த வைரம் வெளியே வரும். நம் ஊர்க் கல் கடினம். கடினக் கல்லுக்கு மென்மையான பிடிப்புள்ள செக்மென்ட் (விளிம்பில் வைரம் பதித்த துண்டு) வேண்டும். டைல்ஸ், கான்கிரீட்டுக்கு வைத்திருக்கும் பிளேடைப் போட்டால் வைரம் மழுங்கி, உலோகம் பளபளவென்று மெழுகிவிடும். கரகரப்பான சாணைக்கல்லிலோ சிமெண்ட் கல்லிலோ சில வெட்டு போட்டால் மறுபடி திறக்கும்.

அம்புக்குறி திசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு வைரத்துக்கும் பின்னால் உலோகம் வால் மாதிரி நின்று அதைத் தாங்குகிறது. திசை மாறினால் தாங்க ஆள் இல்லாமல் வைரம் உதிரும். பெரிய பிளேடுகளின் எஃகுத் தட்டு, அது ஓடும் வேகத்துக்கு ஏற்ற டென்ஷனோடு தட்டிச் செய்யப்பட்டது. சூடேறி ஆடத் தொடங்கினால் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தியலால் தட்டி நேராக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் தட்டும் கெடும், கல்தூசி நுரையீரலையும் கெடுக்கும். சிலிகோசிஸ் வந்தபின் திருப்ப முடியாது. தண்ணீர்க் குழாய் அடைத்திருந்தால் வேலையை நிறுத்துங்கள்.

புல் வெட்டும் பிரஷ் கட்டரில் பிளேடு நட்டு கழலவே மாட்டேன் என்கிறது.

அநேகமாக எல்லாவற்றிலும் அது இடது மறை. வழக்கத்துக்கு எதிராக, கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால் கழலும். கியர் தலையில் இருக்கும் ஓட்டையில் எல் கீயைச் செருகிப் பூட்டிக்கொண்டு கழற்றுங்கள். விரிசல் விட்ட பிளேடுக்கு வெல்டிங் கேட்டு வர வேண்டாம். அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ரோட்டவேட்டர் பிளேடை மொத்தமாகக் கழற்றி மாட்டலாமா?

ஒன்று கழற்றினால் ஒன்று மாட்டுங்கள். இடது, வலது பிளேடுகள் தண்டில் சுருளாக வரிசை வைத்திருக்கும். மொத்தமாகக் கழற்றினால் வரிசை தவறி டிராக்டர் உதறும், டீசலும் அதிகம் குடிக்கும். கூர்ப்பக்கம் சுற்றும் திசையில் முன்னால் வர வேண்டும். ஹைட்ராலிக்கில் தூக்கிவிட்டு அடியில் படுக்காதீர்கள்; எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, இரண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுங்கள். நம் சரளைக் காட்டில் போல்ட் சீக்கிரம் தளரும், முதல் நாள் மாலையே மறுபடி இறுக்குங்கள்.

பழைய பேண்ட்சா பிளேடு தொலைந்துவிட்டது. எந்த நீளம் என்று எப்படிச் சொல்வது?

மேல் சக்கரத்தை ஏற்றி இறக்கும் அமைப்பை நடுவாக்கில் நிறுத்துங்கள். இரண்டு சக்கரத்தின் மையத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். சக்கர விட்டத்தை 3.14ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். இரண்டு சக்கரமும் ஒரே அளவாக இருந்தால் இந்தக் கணக்கு போதும். சக்கரம் 400 மி.மீ., மையத்துக்கு மையம் 900 மி.மீ. என்றால் 1,800 கூட்டல் 1,256, மொத்தம் 3,056 மி.மீ. இதோடு அகலம், கனம், அங்குலத்துக்கு எத்தனை பல், என்ன அறுக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சக்கரத்து ரப்பரோடு சேர்த்தே விட்டத்தை அளக்க வேண்டும்.